பதில் சொன்னது யார்

ரோஸ்லேன் வாசலில் நின்று மறுபடியும் "ஓனே!" என்று கூப்பிட்டாள். கதவு அகலத் திறந்துதான் கிடந்தது. உள்ளே பலகைகளில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்த பிள்ளைகள் அவளைப் பார்த்தார்கள். அப்புறம் ஒதலினாவைப் பார்த்தார்கள். ஒதலினா முதுகைக் காட்டிக்கொண்டு கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தாள். ஒரு வீட்டு வாசலில் நின்று 'ஓனே', அதாவது கௌரவம், என்று குரல் கொடுத்தால் உள்ளே இருப்பவர் 'ரெஸ்பே', மரியாதை, என்று பதில் கொடுக்கவேண்டும். அதற்குப் பிறகுதான் வந்தவர் படியைத் தாண்டுவார். ஹைத்தியில் பிறந்தவர்களுக்குச் சோறு தின்னக் கற்றுக்கொள்வதற்கு முன்பே வந்துவிடும் பழக்கம் அது. பதில் வராத வீட்டுக்குள் கால் வைப்பது எட்டு வயது ரோஸ்லேனுக்குத் திருடுவது மாதிரி. அதனால் வெயிலில் நின்றாள். பின்னல்களுக்கு நடுவே இருந்த வகிடுகள் வழியாக வியர்வை நெற்றிக்கு இறங்கியது.

"ப்ரொஃபே, அவ அங்கயே கருகிப் போயிருவா," என்று டீச்சரைக் கூப்பிட்டுச் சொன்னான் மக்கென்சன்.

"இனிமே கருகறதுக்கு என்னடா பாக்கி இருக்கு?" என்றாள் அவன் பக்கத்தில் இருந்தவள். எல்லாரும் சிரித்தார்கள்.

ஒதலினா திரும்பினாள். மக்கென்சன் பேசியது ஹைத்தி மொழியான கிரெயோலில். இந்தக் கொட்டகைக்குள் ஸ்பானிஷ் மட்டும்தான் பேசலாம். அவனுக்கே அது அப்போதுதான் உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டு மறு கையைத் தானாகவே நீட்டினான். அளவுகோல் உள்ளங்கையில் இரண்டு தடவை இறங்கியது. அந்தச் சத்தத்தில் சிரிப்பு நின்றது. அவன் கையை அக்குளில் வைத்து அழுத்திக்கொண்டு கண்ணைச் சிமிட்டி அழுகையை விழுங்கினான்.

"இந்த நாட்டுல வாசல்ல நின்னா என்ன சொல்லிக் கூப்பிடணும்?" என்று ஒதலினா வாசலைப் பார்த்துக் கேட்டாள்.

"சலூதோ."

"எனக்குக் கேக்கல."

"சலூதோ!"

"உள்ள வா."

ஒதலினா கூச்சக்காரி. கடையில் எண்ணெய் கேட்கப் போனால் பின்னால் வந்தவர்களெல்லாம் வாங்கிக்கொண்டு போனபிறகுதான் அவள் குரல் வெளியே வரும். பெரியவர்கள் முன்னால் தலை நிமிராது. இந்தத் தகரக் கொட்டகைக்குள் மட்டும் அவள் வேறு ஆள். பிள்ளைகள் பயந்தார்கள். பயப்படட்டும் என்றுதான் அவளும் நினைத்தாள். வெளியே பஸ்ஸில், கடையில், ரோட்டில் ஒரு கிரெயோல் வார்த்தை வாய் தவறி விழுந்தால் அளவுகோல் வராது, வேறு என்னவோ வரும். வலி இங்கேயே பழகிக்கொள்ளட்டும்.

அவள் பிறந்தது எல்லையின் இந்தப் பக்கம், தொமினிக்கன் நாட்டில், இதே பலோ அமரியோ வாழைத்தோட்டக் குடியிருப்பில். அப்பா கரும்பு வெட்ட வந்து, கரும்பு ஆலை மூடியதும் வாழைக்கு மாறியவர். அவள் ஸ்பானிஷை வேலிக்கு மறுபக்கம் நின்று கேட்டால் தலைநகரத்துப் பெண் என்றுதான் சொல்வார்கள். ஆனால் ஹைத்திக்காரர்களுக்குப் பிறந்தவள் என்பதால் பிறப்புச் சான்றிதழ் கிடையாது. எட்டாம் வகுப்பு அரசுத் தேர்வுக்குப் பெயர் அனுப்பும்போது அவள் பெயர் மட்டும் திரும்பி வந்தது. ஒரு வாரம் பள்ளிக்கூட மதிலுக்கு வெளியே நின்று பார்த்தாள். அப்புறம் வீட்டோடு நின்றுவிட்டாள். இப்போது காலையில் தோட்டத்துப் பொட்டலக் கொட்டகையில் வாழைச் சீப்புகளில் ஸ்டிக்கர் ஒட்டுகிறாள். மதியத்துக்கு மேல் பாடம். இந்த நாட்டில் தெருவுக்குத் தெரு யாராவது ஒரு பெண் பிள்ளைகளைக் கூட்டி வீட்டுப்பாடம் செய்யவைப்பது உண்டுதான். இவளிடம் வருபவர்கள் சமீபத்தில் எல்லை தாண்டி ஓடிவந்தவர்களின் பிள்ளைகள். வீட்டுப்பாடம் கொடுக்க அவர்களுக்கு இன்னும் பள்ளிக்கூடமே இல்லை. ஸ்பானிஷ் வராத பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க மாட்டார்கள். சேர்க்காத பிள்ளைக்கு ஸ்பானிஷ் வர வழியில்லை. அந்த இடைவெளியில்தான் அவள் கொட்டகை இருந்தது.

ரோஸ்லேனுக்கு இடம் கேட்டு ஒதலினா போனபோது, தலைமை ஆசிரியை தோன்யா மிலேதிஸ், அதாவது மிலேதிஸ் அம்மா, விசிறியால் வீசிக்கொண்டே பேசினாள். "காகிதம் இல்லாட்டியும் சேக்கணும்னு சட்டம் இருக்கு, எனக்குத் தெரியும். அந்தச் சட்டம் வந்து என் வகுப்புல அம்பது பேர மேய்க்குமா? ரெண்டாங்கிளாஸ்ல ஒரு இடம் காலியா இருக்கு. ஒண்ணே ஒண்ணு. திங்கக்கிழமை கூட்டிட்டு வா. என் முன்னாடி ஒரு பக்கம் சத்தமா வாசிக்கட்டும். வாசிச்சா உள்ள. இல்லன்னா எனக்கு வேற பிள்ளைங்க நிக்குதுங்க." ஒதலினா தரையைப் பார்த்தபடி "சரிங்க" என்றாள். வெளியே வந்து வாழை வரிசைகளுக்கு நடுவே புகுந்ததும் ஓடினாள். அவ்வளவு சந்தோஷம்.

அன்று சாயங்காலம் பிள்ளையைக் கூட்டிப்போக டெஸ்தேன் வந்தான். முட்டி வரைக்கும் வாய்க்கால் சேறு. ஹைத்தித் தலைநகர் போர்ட்டோ பிரின்ஸில் பஸ் ஓட்டினவன். இங்கே வாழைக்குத் தண்ணீர் திருப்புகிறான். துப்பாக்கிக்காரர்கள் தெருவைக் கொளுத்தியபோது ரோஸ்லேனைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடி வந்தவன். பெண்டாட்டி பின்னால் வருகிறாள் என்று நினைத்தான். அவள் வரவில்லை.

"அடிக்கிறீங்களாமே?" என்று கேட்டான்.

"ஆமா."

"அடிங்க. எப்படியாவது அவ உள்ள போகணும். நீல சட்ட போட்டுக்கிட்டு அவ அந்த கேட்டுக்குள்ள போறத ஒருநாள் பாத்துட்டேன்னா போதும், அப்புறம் என்னை எங்க வேணா தூக்கிப் போடட்டும்." கொஞ்சம் தயங்கினான். "ஆனா வாசல்ல கூப்பிடறத மட்டும் விட்டுருங்க, ப்ரொஃபே. அது அவங்கம்மா சொல்லிக்குடுத்தது. பதில் சொல்லாட்டி சூடு போடுவா. வாசல்ல ஆள் கூப்பிட்டு உள்ளேர்ந்து சத்தம் வரலன்னா அது வீடா, குழியான்னு கேப்பா."

"இங்க அது ஆகாது," என்றாள் ஒதலினா. அவன் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு போனான்.

அந்த வாரம் ஊருக்குள் ஒரு மளிகைக்கடைக்காரனைக் குத்திப் போட்டுவிட்டார்கள். குத்தியது யாரென்று யாருக்கும் தெரியாது. மறுநாளே எல்லாருக்கும் தெரிந்துவிட்டது, ஹைத்திக்காரன்தான் என்று. வியாழக்கிழமை மதியம் பாடம் நடந்துகொண்டிருந்தபோது முதலில் டயர் எரியும் நாற்றம் வந்தது. அப்புறம் மோட்டார் சைக்கிள்கள், ஒன்றிரண்டு இல்லை, மண் ரோடு முழுக்க. குடியிருப்பின் மேற்குக் கோடியில் ஒரு பெண் வீறிட்டாள். அந்தக் குரல் பாதியில் அறுந்தது. ஒதலினா கதவைச் சாத்திக் குறுக்குக் கட்டையைப் போட்டாள். ஜன்னல் பலகையை இழுத்தாள். "கீழ படுங்க. ஒரு சத்தம் வரக்கூடாது. மூச்சுக்கூட," என்றாள். பிள்ளைகள் பலகைகளுக்கு அடியில் ஒருவர் மேல் ஒருவராகப் படுத்தார்கள். இந்த மாதிரிப் படுப்பது அவர்களுக்குப் புதிதில்லை. அங்கே கற்றுக்கொண்டு வந்தது.

தகரத்தின் ஆணி ஓட்டைகள் வழியாக ஒதலினா பார்த்தாள். எதிர் வீட்டு மெத்தையை வெளியே இழுத்துப் போட்டுக் கொளுத்தினார்கள். ஒருவன் கிழவர் ஒருவரைத் தலைமுடியைப் பிடித்து இழுத்து வந்து அரிவாளின் பட்டையால் முதுகில் அடித்தான். தட்டையான அடி, ஈரத்துணியைக் கல்லில் அறைகிற மாதிரி. கிழவர் கத்தவில்லை, ஒவ்வொரு அடிக்கும் தலையை மட்டும் ஆட்டினார், சொன்னது புரிந்தது என்பதுபோல. பின்னால், பிடித்தவர்களை எல்லைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோகும் கம்பிக்கூண்டு வைத்த லாரி ஒன்று இன்ஜினை அணைக்காமல் நின்றது. கூண்டுக்குள் கைகள் கம்பியைப் பிடித்திருந்தன.

அவள் கதவுக்கும் வந்தார்கள். "வெளிய வாங்கடா, எலிங்களா!" என்று ஒருத்தன் உதைத்தான். கட்டை தாங்கியது. உள்ளே ஒரு சத்தமில்லை. மக்கென்சன் அளவுகோல் பட்ட தன் கையைப் பல்லுக்கு நடுவில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தான். "யாரும் இல்ல, விடு, அடுத்த வீட்டப் பாப்போம்," என்றது இன்னொரு குரல். காலடிகள் விலகின.

அப்புறம் கதவுக்கு மிக அருகில், ரொம்ப மெதுவாக, உறவுக்காரன் மாதிரி, ஒரு ஆள் கூப்பிட்டான். "ஓனே!"

அந்தச் சொல் ஒதலினாவின் தொண்டைக்குள்ளேயே போய் எதையோ தட்டியது. பதில் அவள் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. பல்லைக் கடித்து நிறுத்தினாள். அவள் நிறுத்தினாள்.

"ரெஸ்பே!" என்றாள் ரோஸ்லேன், பலகைக்கு அடியிலிருந்து, தெளிவாக, நல்ல பிள்ளையாக.

வெளியே கும்பலாகச் சிரித்தார்கள். கதவின் நடுவில் அரிவாள் பாய்ந்தது.

ஒதலினாவுக்கு அந்தக் குரல் தெரியும். கொன்ஃபெசோர். தண்ணீர் திருப்பும் ஆட்களுக்கு மேஸ்திரி. தொமினிக்கன்தான், ஆனால் குடியிருப்பின் ஓரத்து வீட்டில் வளர்ந்தவன். சின்ன வயதில் அம்மா இல்லாமல் திரிந்தபோது ஒதலினாவின் அம்மாதான் தட்டில் சோளக்கூழ் ஊற்றிக் கொடுப்பாள். அந்தத் தட்டோடு அவனுக்கு மொழியும் கிடைத்தது, வாசலில் நின்று எப்படிக் கூப்பிடவேண்டும் என்பதும் கிடைத்தது.

கதவு இரண்டாகப் பிளந்து விழுந்தது. வெளிச்சத்தில் நான்கைந்து பேர் நின்றார்கள். கொன்ஃபெசோர் குனிந்து பலகைகளுக்கு அடியில் பார்த்தான். "பள்ளிக்கூடமா! படிக்கிறாங்களாம்டா," என்றான். அப்புறம் நிமிர்ந்து, "பதில் சொன்னது யாரு?" என்றான் கிரெயோலில். "மரியாதை தெரிஞ்ச பிள்ளை. அத மட்டும் அனுப்பு, மத்ததுங்கள விட்டுர்றேன்."

ஒரு பிள்ளையும் அசையவில்லை. பலகைக்கு அடியில் ரோஸ்லேனின் கால் விரல்கள் மண்ணைக் கிள்ளுவது ஒதலினாவுக்குத் தெரிந்தது. அந்த விரல்கள் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் நகர்ந்தன. கூப்பிட்டால் போகவேண்டும் என்று வளர்த்த பிள்ளை.

"நான்தான் சொன்னேன்," என்றாள் ஒதலினா. கிரெயோலில் சொன்னாள். அந்தச் சுவர்களுக்குள் அவள் வாயிலிருந்து பிள்ளைகள் அதைக் கேட்டது அதுதான் முதல் தடவை.

"நீயா? உனக்கு எப்ப வந்துச்சு இந்தக் குருவிக் குரலு?"

"நான்தான்," என்றாள் மறுபடியும். குரல் கத்தலாக வந்தது. அவளுக்கே அடையாளம் தெரியவில்லை. "ரெஸ்பே! ரெஸ்பே! கேக்குதா? எங்கம்மா தட்டுல தின்னவனுக்கு நாந்தான் பதில் சொல்லணும்!"

முதல் அடி தோளில் விழுந்தது. அவள் வாசல் நிலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள், உள்ளே வரும் வழியை உடம்பால் அடைத்து. பின்பக்கத் தகரத்தை மக்கென்சன் காலால் உதைத்துப் பிரிப்பது காதில் விழுந்தது. பிள்ளைகள் ஒவ்வொருவராக வாழைக்குள் நழுவினார்கள். பட்டையடி முதுகில், இடுப்பில், மறுபடி தோளில். இளைஞன் ஒருவன் பட்டையைத் திருப்பி வெட்டும் பக்கத்தைக் காட்டினான். கொன்ஃபெசோர் அவன் மணிக்கட்டைப் பிடித்தான். "பட்டையால போடு. இவ அம்மா எனக்குச் சோறு போட்டவ." சொல்லிவிட்டுத் தன் கையிலிருந்த உருட்டுக்கட்டையால் அவனே அடித்தான். அவள் இடது முழங்கைக்குக் கீழே எலும்பு முறிகிற சத்தம் அவள் பல்லில் கேட்டது.

டெஸ்தேன் வாய்க்கால் பக்கமிருந்து ஓடி வந்தான், கையில் மண்வெட்டியோடு, "பாப்பா! பாப்பா!" என்று கத்திக்கொண்டு. எதிர்க்க ஒரு ஆள் கிடைத்தான்; அவர்களுக்கு வேண்டியது அதுதான். ஒருத்தன் குறுக்கே காலை நீட்டினான். டெஸ்தேன் முகம் குப்புற விழுந்தான். பூட்ஸ் கால்கள் அவன் விலாவிலும் வாயிலும் இறங்கின. மண்வெட்டிக் காம்பாலேயே அவனை அடித்தார்கள். தூக்கிக் கூண்டுக்குள் வீசியபோது அவன் தலை கம்பியில் மோதி மணியடித்த மாதிரி சத்தம் வந்தது. லாரி கிளம்பியது. புழுதி அடங்கியபோது ரோஸ்லேன் உடைந்த கதவின் மேல் நின்றுகொண்டிருந்தாள். மற்ற பிள்ளைகளோடு ஓடவில்லை. எல்லாவற்றையும் பார்த்திருந்தாள்.

அதற்குப் பிறகு அவள் பேசவில்லை.

மருத்துவமனையில் ஒதலினாவின் கையில் மாவுக்கட்டுப் போட்டபோது பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். கதவு உடைந்த இடத்துக்குத் திரும்பாமல், பொட்டலக் கொட்டகையில் அட்டைப்பெட்டிகளை விரித்து இரண்டு பேரும் படுத்தார்கள். பசிக்கிறதா என்றால் தலையாட்டுவாள். கிரெயோலில் கேட்டாலும் அப்படித்தான், ஸ்பானிஷில் கேட்டாலும் அப்படித்தான். வாயைப் பூட்டியிருந்தாள். ரொட்டியைக்கூடப் பல் தெரியாமல் தின்றாள். 'உன் மேல தப்பில்ல பாப்பா' என்று ஒதலினா சொல்லிப் பார்த்தாள். சொல்லும்போதே, இந்தச் சொல்லுக்காக எத்தனை நாள் இவளை வெயிலில் நிறுத்தினோம் என்ற நினைப்பு குறுக்கே வந்தது. பிள்ளைக்கும் அந்தக் கணக்கு தெரியாமலா இருக்கும்? சொல்லாதே என்றார்கள், சொன்னாள், அப்பாவைக் கொண்டுபோய்விட்டார்கள். இதில் எதை எடுத்துச் சொல்லிப் புரியவைப்பது?

சனிக்கிழமை யாரோ ஒருவருடைய போனிலிருந்து டெஸ்தேன் கூப்பிட்டான். எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு மாதா கோயில் வராந்தாவில் இருந்தான். முன்பல் இரண்டு போயிருந்தது; பேச்சு சீறலாக வந்தது.

"அவ உங்க கூடத்தான இருக்கா?"

"எங்கூடத்தான்."

"திங்கக்கிழம கூட்டிட்டுப் போவீங்கள்ல?"

"அவ பேச மாட்டேங்கறா, அண்ணே."

"அவகிட்ட குடுங்க." ஒதலினா போனை ரோஸ்லேனின் காதில் வைத்தாள். அவன் என்ன சொன்னானோ, பிள்ளை கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள். உதட்டை உள்ளே இழுத்துக் கடித்துக்கொண்டாள். "ஒரு வார்த்த சொல்லுடா, ஒண்ணே ஒண்ணு," என்று அவன் கெஞ்சுவது ஒதலினாவுக்கே கேட்டது. காசு தீர்ந்து இணைப்பு அறுந்த பிறகும் பிள்ளை போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

திங்கட்கிழமை காலை தலைமை ஆசிரியை அறையில் மின்விசிறி சுற்றவில்லை. தோன்யா மிலேதிஸ் ஒதலினாவின் மாவுக்கட்டைப் பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை. ஊரில் எல்லாருக்கும் தெரிந்ததுதான். புத்தகத்தைத் திறந்து ரோஸ்லேன் முன்னால் தள்ளினாள். படத்தில் ஒரு கோழி, ஒரு கிணறு, ஒரு சின்னப் பையன். இந்தப் பக்கத்தை ரோஸ்லேன் தூக்கத்தில்கூட வாசிப்பாள்.

"வாசி, கண்ணு."

பிள்ளையின் கண் வரிகளின் மேல் ஓடியது. ஒவ்வொரு சொல்லிலும் நின்று நகர்ந்தது. உதடு பிரியவில்லை.

"அவளுக்கு வரும், தோன்யா. பாருங்க, கண்ணு வாசிக்குது."

"கண்ண வெச்சு நான் என்ன பண்றது?" மிலேதிஸ் பெருமூச்சு விட்டாள். "நீ சொல்றது நெசமாவே இருக்கட்டும். ஒரு ஊமப் பிள்ளைய அம்பது பேருக்கு நடுவுல உக்கார வெச்சா, வியாழக்கிழம வந்தவங்களோட பிள்ளைங்களும் அங்கதான் இருக்கு. என்ன பண்ணுவாங்கன்னு உனக்குத் தெரியும்ல? பேச ஆரம்பிச்சதும் கூட்டிட்டு வா."

"அதுவரைக்கும் இடம் இருக்குமா?"

மிலேதிஸ் புத்தகத்தை மூடினாள். வெளியே மணியடித்தது.

முற்றத்தில் நீலச் சட்டைகள் வரிசை கட்டிக்கொண்டிருந்தன. கொடியேற்றும் நேரம். ஒதலினா பிள்ளையை நல்ல கையால் பிடித்துக்கொண்டு கேட்டை நோக்கி நடந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை, அதனால் மோட்டார் சைக்கிள் கேட்டுக்கு நேரே வந்து நின்ற பிறகுதான் பார்த்தாள். கொன்ஃபெசோர் தன் மகளை இறக்கிவிட்டுக்கொண்டிருந்தான். வெள்ளை ரிப்பன், தேய்த்த சட்டை. அவள் ஓடி வரிசையில் சேர்ந்தாள். அவன் கேட்டுக்குள் ஒரு அடி எடுத்து வைத்தான்.

"எலும்பு கூடிடுச்சா, மோரேனா, ஏ கறுப்பி?" என்றான். பக்கத்தில் நின்ற இரண்டு அப்பாக்கள் சிரித்தார்கள். அவன் பார்வை கீழே இறங்கியது. "ஓ. இதுதானா அந்தக் குருவி?" சிரித்துக்கொண்டே குனிந்து, செல்லமாகத்தான், ரோஸ்லேனின் கன்னத்தைத் தட்டக் கை நீட்டினான்.

அவள் வாய் திறந்தது. கட்டைவிரலுக்குக் கீழே இருக்கும் சதையில் மேல் பல்லும் கீழ்ப் பல்லும் ஒன்றையொன்று தேடிப் பதிந்தன. கொன்ஃபெசோர் அலறினான். கையை உதறினான், அவளும் கூடவே தூக்கப்பட்டு ஆடினாள், விடவில்லை. ரத்தம் அவள் மோவாயில் வழிந்து கழுத்தில் இறங்கியது. மறு கையால் அவள் மண்டையில் குத்தினான், ஒன்று, இன்னொன்று. ஒதலினா மாவுக்கட்டோடு அவன் மேல் விழுந்தாள். உடைந்த எலும்பு உள்ளே நகர்ந்தது; கண் இருட்டியது.

"கொன்ஃபெசோர்!" மிலேதிஸ் படியில் நின்றாள். "என் பள்ளிக்கூடத்துக்குள்ள கை ஓங்கறியா? அஞ்சாங்கிளாஸ்ல ரெண்டு வருஷம் ஒக்கார வெச்சேனே, இன்னொரு வருஷம் ஒக்காரணுமா? உம்பொண்ணு பாத்துட்டு நிக்குதுடா!"

வரிசையில் வெள்ளை ரிப்பன் கட்டிய பெண் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். கொன்ஃபெசோர் ஓங்கிய கையை நிறுத்தினான். அந்த நொடியில் பற்கள் விட்டன. அவன் பின்னால் தள்ளாடி மோட்டார் சைக்கிளில் இடித்து விழுந்தான். காவலாள் ஒதலினாவின் தோளைப் பிடித்து வெளியே தள்ளி கேட்டைச் சாத்தினான். சங்கிலி ஓடியது.

ரோஸ்லேன் உள்ளே நின்றுவிட்டாள்.

ஒதலினா கம்பிகளைப் பிடித்துக்கொண்டாள். பின்னால் ஆண்கள் கத்தினார்கள். யாரோ கல் எடுப்பது கேட்டது. ஒலிபெருக்கி கரகரத்தது, தேசிய கீதம் ஆரம்பித்தது. பிள்ளைகள் பாடத்தான் வேண்டும், பாடினார்கள், ஐந்நூறு தலையும் கொடியை விட்டுத் திரும்பி அந்த ஒரு பெண்ணைப் பார்த்தபடி. மிலேதிஸ் முற்றத்தைக் கடந்து வந்தாள். ரோஸ்லேனைப் பிடித்தாள். பிடித்தது தோளையா, சட்டைக் கழுத்தையா, ஒதலினாவுக்கு அங்கிருந்து தெரியவில்லை. வியாழக்கிழமைக்குப் பிறகு முதல் தடவையாகப் பிள்ளையின் வாய் எதையோ சொல்லி அசைந்துகொண்டிருந்தது. பாட்டுச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. மிலேதிஸுக்கும் கேட்டிருக்காது, அவள் தன் முட்டியைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் குனிந்து, ரத்தம் சொட்டும் அந்த வாய்க்குப் பக்கத்தில் தன் காதைக் கொண்டுபோனாள்.